பத்தொன்பது விநாடிச் செய்தி: கடலூரிலும் சிதம்பரத்திலும் ஒரு நாள்

இந்தப் பிளாக்கில் நான் வழக்கமாகக் கோயில், ஓட்டல், பஸ் நேரம் என்றுதான் எழுதுவேன். இந்தப் பதிவிலும் அவை உண்டு. ஆனால் போன காரணம் வேறு. ஒருவரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன்.

போன வருடம்வரை சென்னையில் ஒரு தமிழ்ச் செய்தி சேனலின் வெளிநாட்டுப் பிரிவில் வேலை பார்த்தேன். பிரிவு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். நானும் ஒரு கம்ப்யூட்டரும்தான். செய்தி ஏஜென்சிகள் அனுப்பும் வீடியோவை வெட்டி, தமிழில் தலைப்பு எழுதி, ஒளிபரப்புக்குக் கொடுக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரைகூட இல்லாமல் பதினோரு வருடம் உலகச் சண்டைகளுக்கெல்லாம் தலைப்பு எழுதினேன்.

மூன்று வருடங்களுக்கு முன்பு ஓர் ஆப்பிரிக்க நாட்டிலிருந்து ஒரு வீடியோ வந்தது. ஆயுதக்குழு ஒன்று அகதி முகாமைத் தாக்குகிறது. முகாமை ஒட்டியே சர்வதேச அமைதிப்படையின் தளம். நீல ஹெல்மெட் போட்ட வீரர் ஒருவர் தளத்தின் இரும்பு கேட்டை இழுத்து மூடுகிறார். வெளியே ஜனங்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்துகிறார்கள். வீரரின் தோளில் இந்தியக் கொடி. காட்சியை நிறுத்தி, பெயர்ப் பட்டையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தமிழ்ப் பெயர். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு அப்போது வந்தது சந்தோஷம். வெளிநாட்டுச் செய்தியை யாரும் பார்ப்பதில்லை என்று எடிட்டர் என்னைத் தினமும் குத்திக்காட்டிக்கொண்டிருந்த காலம் அது. ‘கதவை மூடி வேடிக்கை பார்த்த தமிழக வீரர்’ என்று தலைப்பு போட்டேன். மொத்தம் பத்தொன்பது விநாடி. மாலைக்குள் எங்கள் கடலூர் நிருபர் அவருடைய வீட்டையே கண்டுபிடித்து, அவர் மனைவியின் முகத்துக்கு நேரே மைக்கை நீட்டிவிட்டார்.

இந்தப் பிப்ரவரியில் பழைய லேப்டாப்பை விற்பதற்காகத் திறந்தபோது அதில் அந்த வீடியோ முழுசாக இருந்தது. பதினோரு நிமிடம். அன்றைய அவசரத்தில் நடுவிலிருந்து ஒரு துண்டை வெட்டிக்கொண்டு மீதியைப் பார்க்காமலே விட்டிருக்கிறேன். முதல் ஏழு நிமிடமும் அதே வீரர் அதே கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு, ஓடி வருபவர்களைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிறார். எழுந்திருக்க முடியாத ஒரு பாட்டியைத் தூக்கி வந்து உள்ளே உட்கார வைக்கிறார். உள்ளே வந்தவர்களை எண்ணிப் பார்த்தேன். நூறைத் தாண்டியதும் எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

பழைய கடலூர் நிருபரிடம் அந்த வீரரின் எண்ணை வாங்கிப் போன் செய்தேன். யார், எதற்கு என்று கேட்டுக்கொண்டார். பிறகு, “வரணும்னா வாங்க” என்றார். அவர் பெயர் ஞானசேகரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். “எழுதுங்க சார், ஆனா பேர மாத்திடுங்க. ஒரு தடவ பேரு வந்தது போதும்” என்று பிறகு அவரே கேட்டுக்கொண்டார். அந்த நாட்டின் பெயரும் வேண்டாம் என்றார்.

சனிக்கிழமை காலை 5.10-க்குக் கிளாம்பாக்கத்திலிருந்து கடலூர் அரசுப் பேருந்து. டிக்கெட் 185 ரூபாய், தூரம் சுமார் 165 கிலோமீட்டர். திண்டிவனம்வரை பறந்த வண்டி பாண்டிச்சேரிக்குள் நுழைந்ததும் ஊர ஆரம்பித்தது. கடலூர் பேருந்து நிலையத்தில் இறங்கும்போது 9.20. எதிரே ஒரு ஓட்டலில் பொங்கலும் காபியும் 75 ரூபாய். பொங்கல் நன்றாக இருந்தது என்று ஞாபகம். அன்றைக்கு நான் எதையும் ருசித்துச் சாப்பிடும் நிலையில் இல்லை.

ஞானசேகரன் ஓய்வு பெற்ற பிறகு துறைமுகத்துப் பக்கம் ஓர் ஐஸ் பிளான்ட்டில் சூப்பர்வைசராக இருக்கிறார். மேல்பட்டாம்பாக்கத்தில் வீடு. தினமும் பைக்கில் இருபது கிலோமீட்டர் வந்து போகிறார். பேருந்து நிலையத்திலிருந்து துறைமுகம் இருக்கும் ஓ.டி., அதாவது பழைய டவுன், ஐந்து கிலோமீட்டர் இருக்கும். ஷேர் ஆட்டோ 20 ரூபாய்.

“ஐஸ் பிளான்ட்டு அங்க நாலஞ்சு இருக்கு சார். நீங்க எங்க போவணும்?” என்று டிரைவர் கேட்டார்.

“மிலிட்டரில இருந்தவர் ஒருத்தர் சூப்பர்வைசரா இருக்காரு…”

“அட, கேட்டு மிலிட்டரியா? மொதல்லயே சொல்லக்கூடாதா?” என்று சிரித்தார். “நல்ல மனுசன் சார். டிவில போட்டாங்களே, பாத்ததில்லயா நீங்க? கேட்ட மூடிட்டு நின்னாரே.”

பார்த்திருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். அவர் கேலியாகக்கூடச் சொல்லவில்லை. ஊரில் நாலு பேருக்குப் பட்டப்பெயர் இருக்கும், அதில் இதுவும் ஒன்று என்பது போலச் சொன்னார். அந்தப் பெயரை வைத்தவன் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

ஐஸ் பிளான்ட் வாசலில் படகுக்காரர்களின் மினி வேன்கள் வரிசையாக நின்றன. நொறுக்கிய ஐஸ் தகரச் சரிவில் சடசடவென்று விழுந்துகொண்டிருந்தது. ஞானசேகரனுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கலாம். வீடியோவில் பார்த்ததைவிட மெலிந்திருந்தார். எதிர்க் கடையில் இரண்டு டீ சொல்லிவிட்டு என் முன்னால் உட்கார்ந்தார். வரும் வழியெல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததை ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். முழு வீடியோவையும் பார்த்தேன், நான் எழுதிய தலைப்பு தப்பு, என்னை மன்னிக்க வேண்டும்.

அவர் டீயைக் குடித்து முடித்தார். “மொதல்ல எல்லாரையும் உள்ள விட்டோம் சார். அதுக்குள்ள அந்தக் குரூப் ஆளுங்க சாதா டிரெஸ்ல ஜனங்களோட கலந்துட்டானுங்க. ரெண்டு பேரு இடுப்புல துப்பாக்கிய நானே பாத்தேன். உள்ள அத்தன கொழந்தைங்க. ஆபீசர் மூடுன்னாரு. மூடுனேன்.”

கேட்கக் கூடாதுதான். இருந்தும் கேட்டேன். “சுட்டிருக்க முடியாதா?”

“ஜனங்கள காப்பாத்தணும்னா சுடலாம்னு ஆர்டர் பேப்பர்ல இருக்கு. ஆனா இப்ப சுடலாமான்னு ரேடியோல கேக்கணும். கேட்டோம். பதில் வர்றதுக்குள்ள அவனுங்க வந்த வேலய முடிச்சிட்டுப் போயிட்டானுங்க. எங்க டைம்டேபிள் எங்கள விட அவனுங்களுக்கு நல்லாத் தெரியும் சார். ரோந்து வண்டி எப்ப கெளம்பும், எப்ப திரும்பும், எவ்ளோ மழ பேஞ்சா ரோட்ல வண்டி போவாது, எல்லாம்.”

“டிவிக்காரங்க நாங்க வந்ததுல? கேமராவால ஏதாவது பிரயோஜனம் இருந்துச்சா?” என்று கேட்டேன்.

முதல் முறையாகச் சிரித்தார். “கேமரா வருதுன்னா அவனுங்க புது டிரெஸ் போட்டுக்குவானுங்க. தலைவன் கூலிங்கிளாஸ் மாட்டிக்குவான். அவன் பேட்டி ஒண்ணு வந்துச்சுன்னா அடுத்த வாரம் சுத்துவட்டாரத்துப் பசங்க இன்னும் கொஞ்சம் பேரு அவன்கிட்டப் போயி சேந்துக்குவானுங்க.”

அதே வாரம் அந்தத் தலைவனின் பேட்டியையும் நான்தான் தமிழ் எழுத்து போட்டு ஒளிபரப்பினேன். ஒன்றரை நிமிடம். ‘காட்டைக் கலக்கும் தளபதி’ என்று தலைப்பு. துப்பாக்கி வைத்திருந்தவனுக்கு ஒன்றரை நிமிடம் கொடுத்தேன். கேட்டில் நின்றவருக்குப் பத்தொன்பது விநாடி.

“அங்க உங்களால நல்லதே நடக்கலையா?” என்று கேட்டேன்.

“ஏன் நடக்கல? சந்த நாள்ல பொம்பளைங்க அஞ்சாறு மைலு நடந்து போவாங்க. நாங்க முன்னாடி ரெண்டு பேரு, பின்னாடி ரெண்டு பேரு கூடவே நடப்போம். நாங்க கூடப் போன நாள்ல ஒண்ணுமே நடக்கல. நடக்காததுக்கு எந்த கேமரா சார் வரும்?”

நான் மறுபடியும் மன்னிப்பு என்று ஆரம்பித்தேன். கையை உயர்த்தித் தடுத்தார். “எங்கிட்ட சாரி சொல்லி இன்னா ஆவப்போவுது? விசாரணையெல்லாம் வெச்சு, என் மேல தப்பில்லன்னு ஆர்மிலயே எழுதிக் குடுத்துட்டாங்க. அத யாரு பாத்தா? சொல்றதுன்னா சிதம்பரத்துல எங்க மாமாகிட்ட வந்து சொல்லுங்க. நான் அரை நாள் லீவு போடறேன்.”

மாமா என்பது அவருடைய அக்காள் செல்வியின் கணவர். சிதம்பரம் வடக்கு வீதியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். மச்சான் அமைதிப்படைக்குப் போனதில் ஊரிலேயே அதிகமாகப் பெருமைப்பட்டவர் அவர்தான். நீல ஹெல்மெட் போட்ட படத்தைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டி, ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்களுக்கெல்லாம் காட்டியிருக்கிறார். செய்தி வந்த மறுநாள் அதே ஆட்கள் வந்து, ‘உங்க மச்சான்தான கேட்ட மூடுனது?’ என்று அவரைக் கேட்டிருக்கிறார்கள். அவர் ஞானசேகரனுக்குப் போன் போட்டு, “ஒன் கையில துப்பாக்கி இருந்துதா இல்லியா?” என்று கேட்டார். இவர் பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டார். அதிலிருந்து இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து இல்லை. நடுவில் அக்காவுக்கு ஆபரேஷன் நடந்ததுகூட இவருக்கு வேறு யாரோ சொல்லித்தான் தெரியும்.

“அடுத்த மாசம் அக்கா பொண்ணுக்குக் கல்யாணம்” என்றார் ஞானசேகரன். “நான்தான் தாய்மாமன். எனக்குப் பத்திரிக வரல.”

பதினொன்றரைக்கு ஓ.டி.யிலேயே சிதம்பரம் பஸ் ஏறினோம். ஆளுக்கு 42 ரூபாய், நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட, ஒண்ணே கால் மணி நேரம். சாலை விரிவாக்க வேலையால் இரண்டு இடத்தில் மாற்றுப் பாதை. ஆலப்பாக்கம் தாண்டியதும் இரண்டு பக்கமும் அறுத்து முடித்த வயல்கள். ஞானசேகரன் மடியில் அரைக் கிலோ பண்ருட்டி முந்திரிப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். “எங்க மாமா கடைல காலு வைக்கும்போதே ‘வா மச்சான்’னு தெருவுக்கே கேக்கற மாதிரி கூப்டுவாரு” என்றார். வழியில் அவர் பேசியது அவ்வளவுதான்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கோயில் நடை சாத்தியிருந்தது. வீதியில் வெயில்தான் அதிகம், ஆட்கள் குறைவு. கடையில் மாமா தனியாக இருந்தார். அறுபது வயது, சட்டைப்பையில் மூன்று பேனா. எங்களைப் பார்த்ததும் எழுந்து, “வாங்க” என்றார். இருவருக்கும் பொதுவாக ஒரே ஒரு வாங்க. ஜெராக்ஸ் மெஷினுக்கு மேலே ஒரு காலண்டர் தொங்கியது. அது அளவில் சின்னது. அதைச் சுற்றிச் சுவரில் பெரிய சட்டம் ஒன்று இருந்த தடம் வெளுப்பாகத் தெரிந்தது.

நான் யார் என்று சொன்னேன். செல்போனில் வீடியோவை ஓடவிட்டு அவர் கையில் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நின்றபடியே பார்த்தார். ஆதார் நகல் எடுக்க வந்த பெண்ணிடம், “அப்பறம் வாம்மா” என்றார். கடைக்குப் பின்னால் இருக்கும் வீட்டிலிருந்து தண்ணீர்ச் சொம்போடு வந்த செல்வி அக்காவும் அவர் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்தார். தம்பி அந்தப் பாட்டியைத் தூக்கி வந்த இடத்தில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். கேட் மூடப்படும் இடம் வந்தது. “போதும் மாமா” என்று ஞானசேகரன் கை நீட்டிப் போனை வாங்கி என்னிடம் கொடுத்துவிட்டார்.

“நான் போட்ட தலைப்பு தப்பு சார்” என்றேன். “இவர் வேடிக்கை பாக்கல. மூடச் சொன்னது ஆபீசர். இவர் மேல ஒரு குத்தமும் இல்ல.”

“இல்ல மாமா” என்றார் ஞானசேகரன். அவர் குறுக்கிடுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. “மூடுனது நான்தான். அது பொய்யில்ல. வெளிய ஒரு அம்மா தண்ணி புடிக்கிற மஞ்சக் கேன் ஒண்ண வெச்சுக்கிட்டு நின்னாங்க. கம்பிக்குள்ள கைய விட்டு என் சட்டையப் புடிச்சாங்க. அவுங்க கையத் தட்டி விட்டுட்டுத்தான் தாப்பா போட்டேன்.”

மாமா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு கேட்டார், “இத எங்கிட்ட அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்ல?”

“நீங்க துப்பாக்கி இருந்துதான்னு மட்டுந்தான கேட்டீங்க?”

மாமா நாற்காலியில் உட்கார்ந்தார். என் பக்கம் திரும்பினார். “தம்பி, அந்த நியூஸ எத்தினி தடவ போட்டீங்க?”

“அன்னிக்கு நாள் முழுக்க. அரை மணிக்கு ஒரு தடவை.”

“இத எத்தினி தடவ போடுவீங்க?”

“நான் இப்ப அங்க வேலைல இல்ல சார். ஒரு பிளாக் எழுதறேன். அதுல எழுதுவேன்.”

“அத எத்தினி பேரு படிப்பாங்க?”

“ஐநூறு, அறுநூறு பேர்.”

“இந்த ஒரு தெருவுல மட்டும் அதவிட ஜாஸ்தி பேரு பாத்தாங்க தம்பி” என்றார். குரலில் கோபமே இல்லை. கோபமாக இருந்திருந்தால் என்னால் தாங்கியிருக்க முடியும்.

செல்வி அக்கா உள்ளே போய் ஒரு தட்டில் குங்குமமும் கல்யாணப் பத்திரிகையும் வைத்துக்கொண்டு வந்தார். “அதுல அவன் பேரு இல்ல செல்வி” என்றார் மாமா மெதுவாக. “அடிச்சாச்சு. பாதிக்கு மேல குடுத்தும் ஆச்சு. இனிமே இன்னா பண்றது?”

“பேரு இல்லன்னா போவட்டும். அவன் என் தம்பிதான? சீரு எடுத்துக்கிட்டு வாடா நீ” என்று அக்கா தட்டை நீட்டினார். ஞானசேகரன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பிரித்து, ஒவ்வொரு பெயராகக் கீழேவரை படித்து, மடித்து, சட்டைப்பையில் வைத்தார். மாமா மெஷினைப் பார்த்துக்கொண்டே, “காலைல ஆறு மணிக்கெல்லாம் மண்டபத்துல இருக்கணும்” என்றார். மச்சான் என்ற வார்த்தை அன்று அவர் வாயில் வரவில்லை. கல்யாணத்தன்று வந்திருக்கும் என்று நம்புகிறேன்.

சாப்பிடாமல் விடமாட்டேன் என்று அக்கா இலை போட்டார். கத்திரிக்காய் கொத்சு இருந்தது. சிதம்பரத்துக்காரர்கள் அதை இட்லிக்கு வைப்பார்கள். சோற்றோடும் நன்றாகத்தான் இருக்கிறது.

அமைதிப்படையும் ஊடகங்களும் ஆயுதக்குழுக்களைச் சரியாகச் சமாளிக்கின்றனவா என்று எங்கள் சேனலில் ஒரு முறை விவாதம் வைத்தோம். நாலு பேரை உட்கார வைத்து ஒரு மணி நேரம். கேள்விகளை எழுதிக் கொடுத்தவன் நான். இன்று அதே கேள்வியை என்னிடம் கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் அன்றைக்கு மாதிரி சத்தமாகச் சொல்ல வராது. அந்த கேட் இல்லாமல் போயிருந்தால் உள்ளே வந்த நூற்றுச்சொச்சம் பேர் என்ன ஆகியிருப்பார்கள்? அந்த கேமரா இல்லாமல் போயிருந்தால் இப்படி ஒன்று நடந்ததே யாருக்கும் தெரிந்திருக்காது. இரண்டும் வேண்டியவைதான். ஆனால் இரண்டுமே வந்து போகிறவை. கேமராமேன் மறுநாள் காலையில் கிளம்பிவிட்டார் என்று ஏஜென்சிக் குறிப்பில் இருக்கிறது. ஞானசேகரனின் யூனிட் அந்த மாதக் கடைசியில் திரும்பிவிட்டது. அந்தக் குழு மட்டும் எங்கேயும் போகவில்லை. அது அவர்கள் ஊர். காத்திருக்க அவர்களுக்குத் தெரியும்.

இனி, இந்த வழியில் போக நினைப்பவர்களுக்கு. சென்னையிலிருந்து ஒரே நாளில் கடலூரும் சிதம்பரமும் முடித்துவிடலாம், ஆனால் முதலில் சிதம்பரம் போய்விடுங்கள். கோயில் பகல் பன்னிரண்டு மணிவாக்கில் நடை சாத்தினால் மாலையில்தான் திறக்கும். நான் அதனால் தரிசனம் இல்லாமலே திரும்பினேன். மதியத்துக்குப் பிறகு கடலூர் வந்தால் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு வெயில் தாழும் நேரத்தில் போகலாம். சனி, ஞாயிறுகளில் பாண்டிச்சேரி நெரிசலுக்கு முக்கால் மணி நேரம் கூடுதலாக ஒதுக்குங்கள். கடலூர், சிதம்பரம் இடையே பத்து, பதினைந்து நிமிடத்துக்கு ஒரு பஸ் உண்டு. மாற்றுப் பாதைகள் இருப்பதால் இருசக்கர வாகனத்தில் இருட்டிய பிறகு வேண்டாம். எனக்குப் போக வர எல்லாம் சேர்த்து அறுநூறு ரூபாய்க்குள் முடிந்தது.

சிதம்பரம் பேருந்து நிலையத்தில் நடந்ததை இவ்வளவு நேரம் எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறேன். மணி மூன்று. எனக்குச் சென்னை வண்டி, அவருக்குக் கடலூர் வண்டி. இரண்டும் வரவில்லை. ஞானசேகரன் பையிலிருந்த பத்திரிகையை ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு, “நான் கேட்ட மூடுனதுக்கு அப்பறமும் அந்த வீடியோல மூணு நாலு நிமிஷம் இருக்குல்ல சார்?” என்று கேட்டார்.

“இருக்கு.”

“அதுல அந்த அம்மா வராங்களா? எந்தப் பக்கம் போனாங்கன்னு தெரியுதா?”

அந்தக் கடைசி நிமிடங்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். “இல்ல” என்றேன். “கேட்டு மூடினதும் அந்தத் தலைவன் ஜீப் மேல ஏறிப் பேச ஆரம்பிக்கிறான். கேமரா அவன் பக்கம் திரும்பிடுது. கடைசி வரைக்கும் அவன்தான்.”

கடலூர் வண்டி வந்து நின்றது. கண்டக்டர் ஊர்களின் பெயரைச் சொல்லிக் கூவ ஆரம்பித்தார். ஞானசேகரன் எழுந்தார், ஆனால் உடனே நகரவில்லை.

“நானும் அப்ப அவனத்தான் சார் பாத்துக்கிட்டிருந்தேன்” என்றார். “துப்பாக்கி வெச்சிருக்கறவன் கையப் பாக்கணும்னுதான் எங்களுக்கு டிரெய்னிங்கு. நான் திரும்பிப் பாக்கும்போது அங்க அந்த மஞ்சக் கேன் மட்டுந்தான் கெடந்துச்சு.”

அப்புறம் போய்ப் பஸ்ஸில் ஏறிக்கொண்டார்.